குக்கரில் வெந்த குறடு

என் வீட்டுக்காரர் சபையில் போதகர். நான் பல் டாக்டர். அவருக்குக் கீழ்வரிசையில் ஒரு சொத்தைப் பல். இந்த மூன்றையும் ஒன்றாகச் சொல்லும்போது எனக்கே மானம் போகிறது.

பார்க்கட்டுமா என்று கேட்டால், "இப்போ வலிக்கலையே" என்பார். வலிக்கிற நாளில், "இன்னைக்கு கூட்டம் இருக்கே" என்பார். கன்னத்துக்குள் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு மேடை ஏறிவிடுவார். அந்த வாசனையைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று முன்வரிசைப் பெண்கள் சிலர் பேசிக்கொண்டதும் உண்டு. அவருக்கு ரொம்பப் பிடித்த பிரசங்கத் தலைப்பு 'பயப்படாதே'. ஊசியைக் கண்டால் மனிதருக்குக் கண் இருட்டிவிடும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே மூச்சு விடக்கூடாது என்று கண்டிஷன் வேறு. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "காட்டுக்குள்ள ஒரு வாரம் ஊழியம். நான் பிரசங்கம் பண்றேன், நீ பல்லு பிடுங்கு" என்றார், ஏதோ கல்யாண வீட்டு வேலையைப் பங்கு பிரிப்பதுபோல. கூட என் தம்பியும் வருவதாக ஏற்பாடு. எந்த ரகசியமும் அவன் வாயில் தங்காது என்பதால் வீட்டில் அவனுக்கு மைக் என்று பெயர். அவருடைய பல் விஷயத்தை நான் அவனிடம் சொல்லாததற்கும் அதுதான் காரணம்.

எங்களை ஆற்றுவழியாகக் கூட்டிப்போன படகோட்டி அந்தக் காட்டு ஊர்க்காரர்தான். அவர்கள் பேச்சும் தெரியும், எங்கள் பேச்சும் தெரியும். அவரை விட்டால் எங்களுக்கு அங்கே வாயும் இல்லை, காதும் இல்லை. மரங்களுக்கு நடுவே கொஞ்சம் வீடுகள், பலகைச் சுவர் வைத்த ஒரு பொதுக்கூடம், எங்கே பார்த்தாலும் நாய்கள். சாயங்காலம் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து அவித்த கிழங்கும் மீனும் சாப்பிட்டோம். எதிரே படகோட்டியின் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துப் பக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது. அது தொண்டைக்குப் போனால் மூச்சு அடைத்துவிடும். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் படகில் போய்ச் சேருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். படகோட்டியிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் சொன்னதை அக்கா பொறுமையாகக் கேட்டாள். நான் கொடுத்த மாத்திரைகளையும் விழுங்கினாள்.

"காலைல என்ன பண்றீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேங்கிறா" என்றார் படகோட்டி.

காலையில்தான் நான் காரியத்தைக் கெடுத்தேன்.

கருவிகளைக் கிருமி இல்லாமல் செய்ய நான் கொண்டுபோயிருந்தது வீட்டுப் பிரஷர் குக்கர். கூடத்து வாசலில் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி அதில் ஏற்றினேன். முதல் விசிலுக்குப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அடுத்த விசிலுக்குப் பெரியவர்கள் வந்தார்கள். அதற்கப்புறம் ஊரே தட்டோடு வந்து வரிசையில் நின்றது. எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பல் வைத்தியத்துக்கு இத்தனை ஆர்வமா என்று என் கண்ணே கலங்கிவிட்டது. தட்டு எதற்கு என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. எல்லாரும் எட்டிப் பார்க்க, மூடியைத் திறந்து, ஆவி பறக்கப் பல் பிடுங்கும் குறடு ஒன்றை வெளியே தூக்கினேன்.

அதைப் பார்த்ததும் ஒரு அலறல். அடுத்த நிமிஷம் வாசலில் குக்கரும் நானும் நாய்களும்தான் மிச்சம். நாய்களிலும் பாதி போய்விட்டன.

படகோட்டியின் அக்கா மட்டும் ஓடவில்லை. ஓடத் தெம்பில்லை, பாவம். தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி தன் தம்பியிடம் ஏதோ சொன்னாள்.

"வலிக்காதுன்னா முதல்ல உங்க ஆள் ஒருத்தருக்குப் பிடுங்கிக் காட்டச் சொல்றா, டாக்டரம்மா."

"அக்கா, நான் உக்காரவா?" என்று என்னிடம் கேட்டபடி மைக் தாவினான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். உள்ளே முப்பத்திரண்டும் முத்து மாதிரி மின்னின. தட்டிப் பார்த்துவிட்டு எழுப்பினேன். மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்து கூடத்தை நிறைத்துக்கொண்டவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பிடுங்கவில்லையே!

"நல்ல பல்லை எப்படிடா பிடுங்குறது?" என்றேன். "அப்போ நான் வெந்நீர் வைக்கிறேன்" என்று அவன் நழுவிவிட்டான்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையில் ஓலை எப்படி வேய்ந்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவர் ஓலையை எண்ணுகிறார். எனக்கு வந்த கோபத்துக்குக் குறடு கையில் இருந்தது நல்லதல்ல.

"என்னங்க, அவங்ககிட்ட நீங்களாவது பேசுங்க."

பேசுவதென்றால் அவருக்குச் சொல்ல வேண்டுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவின் முன்னால் போய் உட்கார்ந்தார். "பயப்படாதேம்மா" என்று ஆரம்பித்தார். கடவுள் கூட இருக்கிறார், வலி ஒரு நிமிஷம், பயம்தான் நம்முடைய பெரிய சத்துரு என்று வாய்கிழியப் பேசினார். படகோட்டி வியர்க்க வியர்க்க மொழிபெயர்த்தார். அக்கா இவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். படகோட்டி அதைச் சொல்லத் தயங்கினார்.

"சொல்லுங்க, பரவாயில்ல" என்றார் இவர்.

"அது வந்துங்க ஐயா... நேத்து சாப்பிடும்போது நீங்க ஏன் ஒரு பக்கமாவே மென்னீங்கன்னு கேக்கிறா. அவளும் அப்படித்தான் மெல்லுறாளாம்."

"அத்தான், உங்களுக்குமா?" என்று வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்ற மைக் கத்தினான். சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். மேடையில் பார்க்கிற முகம் இல்லை அது. கிளினிக் கதவுக்கு வெளியே சின்னப் பிள்ளைகள் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த முகம். எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. "வேண்டாம்னா விடுங்க, வேற வழி பாப்போம்" என்று சொல்லப் போனேன். அதற்குள் அவர் எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கிறேன்" என்றார்.

அவருடைய சின்ன ஜெபம் எனக்குத் தெரியும். பல்லில் தொடங்கி, நோயாளிகளுக்குப் போய், விதவைகளைத் தொட்டு, உலகத் தலைவர்களுக்கு வந்தார். நான் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். கடல் பயணம் செய்கிறவர்களுக்காக அவர் மூச்சை இழுத்தபோது, மைக் கூடமே அதிர "ஆமென்!" போட்டு முடித்து வைத்தான். அவனை உடன்பிறப்பாகக் கொடுத்ததற்காகக் கடவுளுக்கு நான் ஸ்தோத்திரம் சொன்னது அன்றைக்குத்தான்.

"என் கையைப் பிடிச்சுக்கிறியா?" என்றார் மெல்ல.

"எனக்கே ரெண்டு கைதாங்க இருக்கு."

என்ன புரிந்ததோ, அக்கா தூணிலிருந்து நகர்ந்து வந்து அவர் கையைப் பற்றினாள். ஊசி போட்டேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கன்னம் மரத்ததும் குறடை வைத்து ஆட்டி, அசைத்து, ஒரு இழுப்பு. பல் வந்துவிட்டது. மூன்று வருஷமாக எனக்குத் தண்ணி காட்டிய பல். தூக்கிக் காட்டினேன். கூட்டம் பெருமூச்சு விட்டது. கண்ணைத் திறந்து, "அவ்வளவுதானா?" என்றார். ஒரு அறை விடலாம் போல இருந்தது. அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

அவர் எழுந்த சூட்டிலேயே அக்கா உட்கார்ந்தாள். இப்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வாயை முழுக்கத் திறக்க முடியாமல் தவித்தாள். ஆனாலும் அசையவில்லை. பல்லோடு சீழும் வெளியே வந்தது. அவள் ஒரு நீளமான மூச்சு விட்டாள். நானும்தான். அதற்கப்புறம் மத்தியானம்வரை எனக்கு நிமிர நேரமில்லை. எல்லாரும் தட்டில்லாமல் வந்தார்கள்.

மத்தியானம் கூட்டம் வைப்பதாக ஏற்பாடு. தலைப்பு என்னவென்று சொல்லவே வேண்டாம். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, பாதி உதடு தொங்க, அவர் எழுந்து நின்றார். பேசாதீங்க, ரத்தம் கசியும் என்று ஜாடை காட்டினேன். கேட்கிற ஆளா? எதையோ சொன்னார். படகோட்டி விழித்தார்.

"ஐயா என்ன சொல்றாரு, டாக்டரம்மா?"

எனக்குப் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை.

"எனக்குப் பயமா இருந்துச்சுங்கிறாரு."

படகோட்டி அதை அவர்கள் பேச்சில் சொன்னார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா, அவளும் வாயில் பஞ்சோடு, கையை உயர்த்தி ஏதோ குழறினாள். படகோட்டி குனிந்து இரண்டுமுறை கேட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"'தெரியும். எனக்கு இன்னும் விரல் வலிக்குது'ங்கிறா."