பேனரில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர்

1

இந்தக் கதை சாம்சனின் பிளெக்ஸ் கடையில் பிறந்தது. பேத்தியின் காதுகுத்துக்குப் பேனர் அடிக்கப் போயிருந்தேன். அங்கே, ‘வேற்றுலகில் உயிர் கண்ட எங்கள் சங்கரபாண்டியே வருக!’ என்று ஒரு பேனர் காய்ந்துகொண்டிருந்தது. படத்தில் அவர் பூமியை ஒற்றைக் கையில் ஏந்தியிருந்தார். நானும் பொய் சொல்லிப் பழகியவன்தான். இவ்வளவு பெரிய சைஸில் சொன்னதில்லை.

2

எல்லையற்ற பிரபஞ்சத்தின் மௌனத்தில் ஒரு தனி மனிதன்

(வேண்டாம். பிரபஞ்சம் வந்தால் வாசகர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்.)

மறுபடியும். எந்தக் கிரகம் உயிர் வாழத் தகுந்தது என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் சங்கரபாண்டி. ஒன்றில் அனல், இன்னொன்றில் தண்ணீர் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். இதே இரண்டு காரணங்களுக்காகச் சொந்த ஊரான சங்கரன்கோவிலையும் தள்ளிவிட்டுப் பெங்களூரில் குடியேறினார். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் ஒரு விண்கல்லை உடைத்தார். உள்ளே உயிர்! பேப்பரில் படம் வந்தது. ஊர் பாராட்டு விழா வைத்தது.

3

விழா அன்று காலை, அக்கா முத்துமாரியம்மாள் வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தவருக்கு மாணவி சுகிர்தா போன் செய்தாள்.

“சார், அது வானத்து உயிர் இல்ல. சாதாரண மண்ணு பாக்டீரியா. கல்லை உடைக்கும்போது மண்ணு எதையும் தொட்டீங்களா?”

“நானா? கிளவுஸ் போட்டிருந்தேனேம்மா” என்றார், நெற்றியைத் தொட்டபடி. பிறகு விரலைப் பார்த்தார்.

கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண். அக்கா கூரியரில் அனுப்புவது. நெற்றியில் பூசி, தொட்டுக் கும்பிடாமல் அவர் எந்த விண்கல் பெட்டியையும் திறந்ததில்லை.*

“சார், இன்னிக்கு நீங்களே மேடையில சொல்லிட்டா மரியாதை. இல்லேன்னா நாளைக்கு நான் சொல்லிருவேன்.”

* கிளவுஸ் போட்ட கையால் நெற்றியைத் தொடலாமா என்று படித்தவர்கள் என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம். தொட்டவர் அவர்.

4

“ஏலே, மூஞ்சி ஏன் செத்துப்போச்சு? உயிரு கெடச்சுதா இல்லியா?”

“கெடச்சுதுக்கா. ஆனா நம்மூரு உயிரு.”

“நம்மூர்ல உயிரு இருக்கது எல்லாருக்கும் தெரியுமே! இதுக்கா மாலை போடுதாவ?”

வாசலில் பேனரோடு நின்ற சாம்சன் தொண்டையைச் செருமினான். “அண்ணாச்சி, கவலப்படாதிய. ‘வேற்றுலகில்’ மேல ஸ்டிக்கர் ஒட்டிருவோம். ‘உயிர்’ அப்படியே கெடக்கட்டும்.”

“ஸ்டிக்கர்ல என்னன்னு போடுவீரு?”

“அத நீங்கல்லா சொல்லணும்.”

“வெள்ளையாவே ஒட்டும் வே. பேசிட்டுச் சொல்லுதேன்.”

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. மைக் வேலை செய்யவில்லை.

முடிவு இரண்டு: மறைக்கிறார். மறுநாள் சுகிர்தா

(அவள் சொன்னால் செய்கிறவள். எனக்கே பயமாக இருக்கிறது.)

முடிவு மூன்று: அந்த விண்கல்லே ஆதியில் சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பியதுதான் என்கிறார். ஊர் நம்புகிறது. எழுதி முடிப்பதற்குள் நானே நம்பிவிட்டேன். அதனால் அடித்துவிட்டேன்.

6

மேடையேறும் முன் அக்கா புதிதாக மண் குழைத்துப் பூசிவிட்டாள். அவர் நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கும்பிடுகிறார் என்று நினைத்துக் கூட்டம் திருப்பிக் கும்பிட்டது. மைக் கைக்கு வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் பேனரில் அந்த வெள்ளை இடம். பக்கத்தில் மார்க்கர் பேனாவோடு சாம்சன், யார் சொன்னாலும் எழுதத் தயாராக.

எனக்குக் காதுகுத்துக்கு நேரமாகிறது. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குமுன் கையை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.