பயம் எந்தப் பக்கத்துச் சொத்து?

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யலாம். என் மச்சான் தலை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மச்சானும் பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட், அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒன்பதாம் மாடியிலிருந்து விழுந்தது. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மச்சான் வீட்டுக்குப் போய்க் குறட்டை விட்டார். மெக்கானிக்கோ அன்றுமுதல் எங்கே ‘டிங்’ என்று கேட்டாலும் அலமாரி உச்சியில் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கரண்டி கீழே விழுந்தால் மனைவி கரண்டியை எடுப்பதில்லை, ஏணியைத்தான் எடுப்பாள்.

திங்கட்கிழமை லிஃப்டில் ஏறாவிட்டால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

“ஒரே லிஃப்ட்லதானே விழுந்தோம் மாமா? நான் கல்லு மாதிரி இல்ல?” என்றார் மச்சான்.

மனநல மருத்துவர் ஆறாம் மாடியில் இருந்தார். மெக்கானிக் அப்பா அம்மாவோடு படியேறியே போனார்.

“இது கோழைத்தனம் இல்லீங்க. ஆபத்து போனதும் உடம்பு தன்னோட அபாய மணிய நிறுத்திடணும். சிலருக்கு நிக்காம அடிச்சிட்டே இருக்கும். அந்த வாகு ஓரளவு பரம்பரையா வரலாம். ஆனா சரி பண்ணிடலாம், கொஞ்சங் கொஞ்சமா லிஃப்ட்ல ஏறிப் பழகணும்” என்றார் மருத்துவர்.

பரம்பரை என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

“உங்க வம்சம்தாங்க! பலூன் வெடிச்சதுக்கு உங்கப்பா ஒரு வாரம் கட்டிலுக்கடியில சாப்பிட்டாரே!” என்றாள் அம்மா.

“உன் அண்ணன் மட்டும் என்னவாம்? குக்கர் விசில் அடிச்சா ரெண்டு கையையும் தூக்கிச் சரணடைவானே!” என்றார் அப்பா.

“வாங்க, எங்கண்ணன்கிட்டயே போய்க் கேட்டுடுவோம்!” என்றாள் அம்மா.

இருவரும் கத்திக்கொண்டே லிஃப்டுக்குள் நுழைந்தார்கள். கைகலப்பாகிவிடுமே என்று மெக்கானிக் நடுவில் பாய்ந்தார். கதவு மூடியது. ‘டிங்’. தாவி ஏற வழியில்லை; ஒரு கையை அம்மாவும் மறுகையை அப்பாவும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். தரைத்தளம் வந்தபோது எதன் உச்சியிலும் ஏறாமல் தரையிலேயே நின்றிருந்தார்.

படியில் மூச்சிரைக்க ஓடிவந்த மருத்துவர், “தினமும் இப்படியே கூட்டிட்டுப் போங்கம்மா. சண்டைய மட்டும் படிப்படியா கொறைங்க” என்றார்.

திங்கட்கிழமை மூவரும் லிஃப்டில் ஏறினார்கள்.

“இவங்க யாருய்யா?” என்றார் முதலாளி.

“மாத்திரை சார். காலைல ரெண்டு.”

வேலை நிலைத்தது. இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஊரில் இன்றுவரை மாடிக் கட்டடம் எதுவும் கிடையாது.