பெயிண்ட் அடிக்காத பேஸ் கிடார்

எங்கள் பேண்டின் பெயர் ஸ்கார்லெட் பாய்ஸ், அதாவது சிவப்புப் பையன்கள். அதில் நான் ஒருத்தி மட்டும் பாய் இல்லை. பெயரை மாற்றினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். போர்டு எழுதியாகிவிட்டது, கோட்டு தைத்தாகிவிட்டது, உனக்காக எல்லாவற்றையும் கலைக்க முடியுமா என்று எகிறினார் இக்னேஷியஸ் மாமா. அம்மாவின் தம்பி. பகலில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், சாயங்காலம் பேண்டுக்கு முதலாளி. பாட்டும் அவர்தான், லீட் கிடாரும் அவர்தான். பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவன் பம்பாய்க்குப் போய்விட்டதால் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அப்புறம் பார்த்தால், பொண்ணு பேஸ் வாசிக்குதாம் என்று ராயபுரம் முழுக்கப் பேச்சு. கல்யாண வீட்டுக்காரர்கள் மாமாவைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அதையும் அவர் தன் சாமர்த்தியம் என்றே சொல்லிக்கொண்டார்.

பேண்டில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சாமான் புதிதாக வந்தாலும் முதலில் காசிமேட்டுக்குப் போகவேண்டும். அங்கே செல்வநாதன் என்பவர் மீன்பிடிப் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பார். படகுக்கு அடிக்கிற அதே சிவப்பு எனாமல் எங்கள் கிடாருக்கும், டிரம்முக்கும், மைக் ஸ்டாண்டுக்கும் ஏறும். சிவப்புக் கோட்டு, சிவப்புக் கிடார், மேடையே பற்றிக்கொண்டு எரிகிற மாதிரி தெரியவேண்டும் என்பது மாமாவின் ஆசை. என் பழைய பேஸ் பிளைவுட்டில் செய்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு கோட்டு பெயிண்ட் ஏறி, தோல் தடித்துப்போய், தட்டினால் பூசணிக்காய் மாதிரி சத்தம் போடும். கேட்கிறவர்களுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் மழைக்காலத்தில் ரஷீது பாயிடமிருந்து ஆள் வந்தது. வண்ணாரப்பேட்டையில் அவருக்கு ஒரு சின்ன கோடவுன். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகிற ரேடியோ, சென்ட், கைலி, டார்ச் லைட் எல்லாம் அங்கே கிடைக்கும். சிங்கப்பூர்க் கப்பலில் பேண்டு வாசித்த ஒருவன் இரண்டு பேஸ் கிடாரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், வந்து பார் என்று சொல்லியனுப்பியிருந்தார். திருவொற்றியூர்க் கம்பெனியில் பேக்கிங் வேலை முடிந்ததும் நேரே அங்கேதான் போனேன்.

ஒன்று சிவப்பு. முத்துப் பொடி கலந்த பெயிண்ட், பளபளவென்று கண்ணைப் பறித்தது. இன்னொன்று பெயிண்டே இல்லாத பழுப்பு.

"இத்த எட்துக்கோ தங்கச்சி. உங்க பேண்டுக்கே பொறந்த மாதிரி கீது" என்று சிவப்பைத் தூக்கிக் கொடுத்தார் ரஷீது பாய். "அது வேணாம். அவன் பெயிண்டு அடிக்கக்கூட சோம்பேறித்தனப்பட்டு வுட்டுட்டான் போல."

சிவப்பைத் தோளில் மாட்டினேன். லேசு. கீழ்க்கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். கம்பி எவ்வளவு நேரம் பேசுகிறது என்று பார்க்க எனக்கு அதுதான் கணக்கு. 'பெண்களுக்குள்' என்பதற்குள் சத்தம் செத்துப்போனது.

அப்புறம் பழுப்பை எடுத்தேன். எடுக்கும்போதே கை இறங்கியது, அவ்வளவு கனம். தட்டினேன். ஜெபம் பாதியைத் தாண்டியது, 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' என்பதையும் தாண்டியது, ஆமென் சொல்லியும் கம்பி நிற்கவில்லை. கரண்டு இல்லாமல் பேஸைச் சரியாகக் கேட்கவேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது. கிடார் உடம்பில் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கொம்பில் தாடையை வைத்து அழுத்திக்கொள்ளவேண்டும். அப்படி வைத்துத் தட்டினேன். சத்தம் பல்லில் ஏறி, காதுக்குள் போய், நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. ரஷீது பாய் எனக்குப் பல்வலி என்று நினைத்துக்கொண்டார்.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். காப்பிக் கொட்டை நிறத்தில் உடம்பு, அதற்குள் கறுப்பு ரேகைகள், திருப்பினால் ஒரு ஊதாச் சாயை. விரல் வைக்கிற பலகை கருங்காலி, தொட்டால் சில்லென்று இருந்தது. கழுத்து மட்டும் வெளிறிய மரம். மேப்பிள் என்று கப்பல்காரன் சொன்னானாம். உடம்பு என்ன மரம் என்று அவன் சொல்லவில்லையா என்று கேட்டேன். ரோஸ்வுட்டோ என்னமோ உளறினான் என்றார். வார் மாட்டுகிற ஆணியைக் கழற்றி, பாலிஷ் படாத அந்த ஓட்டையில் மூக்கை வைத்தேன்.

அந்த வாசனை எனக்குத் தெரியும். அப்பா துறைமுகத்தில் சரக்கேற்றிக்கொண்டிருந்த காலத்தில், ரோஸ்வுட் என்ற பெயரில் வெளிநாட்டுக்குப் போகிற ஈட்டி மரக் கட்டைகளிலிருந்து உதிர்ந்த சிராய்களைக் கோணியில் கட்டிக்கொண்டு வருவார். அம்மா அதைத்தான் அடுப்பில் போடுவாள். உலை கொதிப்பதற்குள் வீடெல்லாம் இனிப்பாக மணக்கும். உலகத்திலேயே விலை உயர்ந்த மரத்தை எரித்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்த குடும்பம் நாங்கள். எந்த மலையிலோ வெட்டி, எங்கள் துறைமுகத்தில் கப்பலேறி, எவனோ ஒருவன் பட்டறையில் பேஸாகி, அதே துறைமுகத்தில் வந்து இறங்கியிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை ரஷீது பாயிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருந்தால் விலை ஏறியிருக்கும்.

தங்கச் சங்கிலிக்கென்று அம்மா என்னைக் கட்ட வைத்த சீட்டுப் பணம் அதோடு தீர்ந்தது. அம்மாவின் பெயர் அடைக்கலமேரி. அன்றைக்கு யாருக்கும் அடைக்கலம் தருகிற நிலையில் அவள் இல்லை. திட்டி முடித்துவிட்டு, போய்த் தொலை, சாப்பிடு என்றாள்.

மாமாதான் சாப்பிடவிடவில்லை. செய்தி கேட்டு வந்தவர் பேஸை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமே இது? லோக்கல் ஆசாரி செஞ்ச மாதிரி கீது. ஃபாரின்னு சொன்னா எவன் நம்புவான்?"

"நம்ப வேணாம். கேட்டா போதும்."

"கேக்கறதுக்கு முன்னாடி பாப்பாங்கமே. கிறிஸ்துமஸ் டான்ஸு வருது. வெள்ளைக்காரங்க மாதிரி ஜனம் வர்ற ஹாலு. செல்வநாதங்கிட்ட குட்துடு, ரெண்டு கோட்டு அட்ச்சிக் குடுப்பாரு."

"இதுக்கு அடிக்கக் கூடாது மாமா."

"ஏன், இதுக்கு இன்னா பட்டாபிஷேகமா பண்ணிக்கீறாங்க?"

"ஈட்டி மரம். அந்த ரேகையைப் பாரு. இதும்மேல படகு பெயிண்ட் அடிக்க எப்டி மனசு வருது ஒனக்கு?"

மாமாவுக்கு மனசெல்லாம் சிவப்பு. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். பிடிவாதக்காரர் வாயை மூடிக்கொண்டு போனால் சந்தேகப்படவேண்டும். எனக்கு அந்தப் புத்தி அன்று இல்லை.

டான்ஸுக்கு முந்தின வாரம், வேலையிலிருந்து வந்து பார்த்தால் மூலையில் பேஸ் இல்லை. உன் மாமா எடுத்துப் போனான், பெயிண்டுக்காம் என்று அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். கால் செருப்பை மாட்டக்கூட நிற்கவில்லை. காசிமேடு வரைக்கும் ஓட்டமும் நடையும்தான். வழியில் யார் யாரோ என்ன ஏது என்று கேட்டார்கள். எனக்கு வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் போல இருந்தது.

கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில், இரண்டு பெட்டிகள் மேல் பேஸைப் படுக்கப் போட்டிருந்தார்கள். கம்பியெல்லாம் கழற்றியாகிவிட்டது. முதுகுப் பக்கத்தில் ஒரு கையகலம் எமரிக் காகிதம் போட்டுத் தேய்த்து, முன்பக்கம் கொம்பிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு பட்டை சிவப்பு இழுத்திருந்தார் செல்வநாதன். பிரஷ் இன்னும் கையில் இருந்தது. பக்கத்தில் மாமா பீடி பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் போட்ட சத்தத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள். மண்ணெண்ணெய்த் துணியைப் பிடுங்கி, ஈரம் காய்வதற்குள் அந்தச் சிவப்பைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ரேகை வெளியே வந்தது. என் கைதான் சிவப்பாகிவிட்டது.

"ஏம்மா, அவர் சொன்னாரு, நான் அட்ச்சேன்" என்றார் செல்வநாதன். அவர் மேல் தப்பில்லை.

"நாலு பேர் மின்னாடி மானத்த வாங்காதமே" என்றார் மாமா. "பேண்டுன்னா ஒரு கலரு. பெயிண்டு அட்ச்சாத்தான் மேடை. இல்லாங்காட்டி இல்ல."

"அப்ப இல்ல."

"இன்னாது?"

"நான் வரல. மிஸ் ஆலிஸுன்னு என் பேர பெரிய எழுத்துல நோட்டீஸ் போட்டுக்கீறயே, அந்த ஆலிஸுக்கு எங்கியாவது போயி பெயிண்டு அட்ச்சி இட்டுகினு வா."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா பீடியைக் கீழே போட்டு மிதித்தார். நோட்டீஸ் ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. பேஸ் வாசிக்கிற பெண்ணைப் பார்க்கத்தான் பாதி டிக்கெட் போயிருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"சரி, அப்டியே எட்துகினு வா" என்றார் கடைசியில். "ஆனா மேடைல நான் சொல்ற எடத்துல நிக்கணும்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, பேஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

டான்ஸ் அன்று ஹால் நிறைய ஜனம். ரயில்வே குடும்பங்கள், துறைமுகத்துக்காரர்கள், கவுன் போட்ட பெண்கள், எண்ணெய் வைத்து வாரிய தலைகள். மாமா எனக்குக் காட்டிய இடம் மேடையின் இடது ஓரம், திரைக்குப் பக்கத்தில். என் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை எனக்கு முன்னாலேயே அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துப் பெட்டி, ரேடியோக்காரர் ஒருவர் தேக்குப் பலகையில் அடித்தது, சக்கரம் கிடையாது. பரவாயில்லை, ஓரமாக இருந்தாலும் மேலே ஒரு லைட் இருக்கிறது என்று சமாதானப்பட்டுக்கொண்டேன்.

முதல் பாட்டு தொடங்கியது. ஜோடிகள் தரையில் இறங்கின. நான் கீழ்க்கம்பியைத் தொட்டதும் பலகை மேடையே உறுமியது. முன்வரிசையில் ஒரு கிழவர் நாற்காலியின் கையைப் பிடித்துப் பார்த்தார். டிரம் அடித்துக்கொண்டிருந்த லூர்து என்னைப் பார்த்துக் கண்ணைப் பெரிதாக்கினான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது என் பக்கத்து லைட் அணைந்தது.

பல்பு போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், மாமா லைட்காரனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் மேல், லூர்து மேல், ரிதம் கிடார்காரன் மேல் எல்லாம் வெளிச்சம். சிவப்பெல்லாம் ஜொலிக்கிறது. நான் மட்டும் இருட்டில். பேஸை மறைக்கவேண்டும், அதற்காக என்னையும் சேர்த்து மறைத்துவிட்டார். சத்தம் மட்டும் வேண்டும். சமையல்கட்டிலிருந்து சாப்பாடு மட்டும் வந்தால் போதும் என்பது போல.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாசித்துக்கொண்டே நடந்தேன். இருட்டைத் தாண்டி, மாமா நின்ற வெளிச்சத்துக்குள் கால் வைத்தேன். இன்னும் ஒரு அடி வைத்ததும் பேஸ் ஒயர் இழுபட்டு, பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டது. டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பேஸ் நின்றது.

பாட்டுக்குக் கீழே இருந்த தரையை உருவிவிட்டது போல ஆயிற்று. மாமாவின் குரல் தனியாகக் கீச்சென்றது. ஆடிக்கொண்டிருந்தவர்களில் சிலர் தடுமாறினார்கள், சிலர் நின்றே விட்டார்கள்.

"இன்னாமே பண்ற? போயி சொருகு!" பல்லைக் கடித்துக்கொண்டு மாமா.

"இங்கதான் நிப்பேன்."

"ஒயர் எட்டாதுமே!"

"பொட்டியக் கொண்டா."

லூர்து டிரம் குச்சிகளை மடியில் வைத்துவிட்டான். பாட்டு நின்றுபோனது. ஹால் செக்ரட்டரி நாற்காலியிலிருந்து எழுந்தார். "இன்னாப்பா ஆச்சு? அந்தப் பொண்ணு வாசிச்சாத்தான் காலு வருது!" என்று கீழேயிருந்து ஒரு ஆள் கத்தினான். இருட்டுக்குத் திரும்பி ஓடிப்போய் ஒயரைச் சொருகினால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அப்படி ஒருமுறை போனால் ஆயுசுக்கும் அங்கேதான்.

குனிந்து பேஸைப் பார்த்தேன். அவ்வளவு வெளிச்சத்தில் அதை நானே அதுவரை பார்த்ததில்லை. கறுப்பு ரேகை ஒவ்வொன்றும் எழுதினது போல நின்றது, ஊதா உள்ளே கனன்றது. அதை மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், அத்தனை பேர் முன்னால் அப்படியே நின்றேன்.

"உன்ன அப்பால வச்சிக்கிறேன்" என்றார் மாமா.

"வச்சிக்கோ. இப்ப பொட்டி."

செக்ரட்டரி மேடையை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார். மாமா அவரைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிடாரைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்துவிட்டு இருட்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பலகையில் கரகரவென்று ஏதோ உராயும் சத்தம் கேட்டது. குனிந்து, சிவப்புக் கோட்டு முதுகில் விரிய, இரண்டு கையாலும் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கரண்டு ப்ளக் கழன்றுவிடாமல் லூர்து பின்னால் பெட்டியின் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். ஹாலில் விசில் பறந்தது.

வெளிச்சத்தின் விளிம்பில் வந்ததும் மாமா நின்று மூச்சு வாங்கினார். போதுமா என்று கேட்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"தள்ளு மாமா" என்றேன். "இன்னும் கொஞ்சம்."