அந்த ஏழும் சேவலா?

எகிப்தின் ஃபய்யூமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடியில் இன்சாஃப் கோழி வளர்த்தாள். கணவன் குவைத்தில் வேலை பார்த்தான். மூன்று பெண் பிள்ளைகளுக்கும் தினம் முட்டை கொடுத்துவிட வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். கீழ்த்தளத்தில் கணவனின் அண்ணன் ஷஹாத்தா. மூத்த மகன் பெயரைச் சேர்த்து அவரை அபூ கரம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வீட்டில் அவர் வைத்ததே சட்டம்.

அவர் மகளின் நிச்சயத்துக்கு முதல் நாள், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பேச வந்திருந்தார்கள். அபூ கரம் கத்தியோடு மாடியேறி வந்தார். நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சேவல் எல்லாத்தையும் பிடி. நாளைக்கு முலுகிய்யாக் கீரைக் குழம்புக்கு வேணும். முட்டை போடாததுக்கு நீ ஏன் தீனி போடுற?"

முட்டையிடும் பழைய கோழிகள் போக, புதிதாக வளர்ந்தவற்றுக்கு அப்போது இரண்டரை மாதம்தான். அவற்றில் கொண்டை சிவந்திருந்த ஏழு பறவைகளைக் காட்டினார்.

"நாலுதான் சேவல். மீதி மூணும் பெட்டை" என்றாள் இன்சாஃப்.

"அந்த நெட்டையப் பாரு. கொண்டை மிளகாப்பழம் மாதிரி இருக்கு. எல்லாத்தையும் கொத்தி விரட்டுது. அதுவா பெட்டை?"

அவள் நெட்டையைப் பிடித்து வால் தொடங்கும் இடத்தில் இறகை விரித்தாள். "கொண்டைய வச்சு ஏமாறாதீங்க. சேவலுக்கு இந்த எடத்துல எறகு கூரா முளைக்கும். இது வட்டமா இருக்கு. காலும் மெலிசு."

அவர் சிரித்தார். "மூணும் பொட்டையாப் பெத்தவளுக்குப் பாக்கறதெல்லாம் பொட்டையாத்தான் தெரியும்."

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்துதான் நின்றாள்.

"ஆமா, மூணு பொண்ணு பெத்தேன். எது பொண்ணு, எது ஆணுன்னு ஒரு தடவகூட உங்ககிட்ட வந்து கேக்கல."

அவர் முகம் கறுத்தது. நெட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி அங்கேயே அறுத்துவிட்டார். அடுத்ததற்குத் திரும்புவதற்குள் இன்சாஃப் மற்றவற்றைக் கூண்டுக்குள் தள்ளிப் பூட்டிச் சாவியை அங்கியின் மார்புக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாலு சேவலையும் நானே பிடிச்சுத் தர்றேன். மத்ததுல ஒண்ணையும் தொட விடமாட்டேன்."

"யாருகிட்டப் பேசுறேன்னு தெரியுதா?"

"தெரிஞ்சுதான் பேசுறேன்."

சாவி இருந்த இடத்தில் அவரால் கை வைக்க முடியாது. "இதச் சுத்தம் பண்ணி அனுப்பு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வெந்நீரில் முக்கி நாங்கள் இருவரும் இறகைப் பறித்தோம். வயிற்றைக் கீறியதும் இன்சாஃப் விரலால் காட்டினாள். முதுகெலும்பை ஒட்டி, இடப்பக்கம் மட்டும், கசகசா ஒட்டினாற்போல் முட்டைக் கருக்களின் சின்னக் கொத்து.

"சேவலா இருந்தா ரெண்டு பக்கமும் அவரை விதையாட்டம் ஒவ்வொண்ணு இருக்கும்" என்றாள். திறந்த வயிற்றோடு அதைத் தட்டில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேணாம் இன்சாஃப், கீழ சம்பந்தக்காரங்க இருக்காங்க."

"இருக்கட்டுமே. நல்லா பாக்கட்டும்."

நான் பின்னாலேயே ஓடினேன். தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே தட்டை வைத்தாள். "அபூ கரம், உங்க சேவல் வயித்துல முட்டைக் கரு இருக்கு."

மாப்பிள்ளையின் தாய் குனிந்து பார்த்தாள். "பெட்டைதான். ஐயோ, முட்டை போடப் போறத அறுத்துட்டீங்களே!"

"வெளிய போடி!" என்று கத்தினார் அபூ கரம்.

"போறேன். இது என் பொண்ணுங்களோட முட்டை. அதச் சொல்லத்தான் வந்தேன்."

நிச்சயத்துக்கு அவள் கொடுத்த நான்கு சேவலோடு, சந்தையில் வாங்கிய கோழிகளும் வெந்தன. இன்சாஃபை யாரும் கூப்பிடவில்லை. அவள் பிள்ளைகளோடு மாடியில் உட்கார்ந்து முட்டை பொரித்துச் சாப்பிட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு காலை, அவள் காப்பாற்றி வைத்த இரண்டில் ஒன்று பெட்டையாகவே வளர, இன்னொன்று கழுத்தை நீட்டிக் கூவியது. தெருவுக்கே கேட்டது. கீழே அபூ கரம் சிரிப்பதும் கேட்டது. இன்சாஃப் வெட்கப்படவில்லை. அதைத் தானே அறுத்து வறுத்து, அதன் ஒரு தொடையை அபூ கரமுக்கு என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

"ஒண்ணுல நான் தப்பு, ரெண்டுல நீங்க தப்புன்னு சொல்லு."

நான் அப்படியே சொன்னேன்.

"இவ திமிரு அடங்கவே அடங்காது" என்றார் அவர். தொடையை மட்டும் திருப்பி அனுப்பவில்லை.