மெதுவா மாமாவுக்கு ஒரு பந்தயக் கார்

அந்தக் கடைக்கு நான் போனது சாமான் வாங்க மட்டுமல்ல, சண்டை போடவும்தான். மறுநாள் என் வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள். ஒரு கையில் பணப்பை, இன்னொரு கையில் அவர் பாதியில் போட்டுவிட்ட இரண்டு அட்டைப்பெட்டிகள். முதலில் கடைக்காரனை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது, அப்புறம் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வண்டியை எடுத்தால் சைக்கிள்காரன்கூட முந்திக்கொண்டு போவான். ஒரு நாய்க்குட்டியின் வாலில்கூட இதுவரை ஏற்றியதில்லை. அந்தக் குழந்தைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மெதுவா மாமா'. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வீட்டுக்குள் வந்தால் பித்து எதில் தெரியுமா, பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில். நிஜக் கார் வாங்க ஏழு ஜென்மம் எடுக்கவேண்டும். அதனால் கிட் வாங்குவார். பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று இருக்கும்; கதவு, சக்கரம், விளக்கு என்று காரின் அங்கம் ஒவ்வொன்றும் அதில் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் ஆளுக்கொரு எண்ணோடு இருக்கும். எண்ணைப் பார்த்து வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்தால் உள்ளங்கையில் நிற்கிற ஒரு கார். எங்கள் அலமாரியில் பாத்திரம் வைக்க இடமில்லை, கார் நிறுத்த இடமிருக்கிறது.

கொஞ்ச மாதமாக அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்திருந்தது. "பெட்டில பாதி துண்டு இல்ல. அந்தப் பையன் ஏமாத்தறான்" என்று புலம்பினார். ஒரு தடவை கொண்டுபோய் மாற்றிவந்தார். மாற்றி வந்ததிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும் அதே கதை. "போனா போகுது, பாவம், சின்னக் கடை" என்று விட்டுவிட்டார். அவர் விடுவார். நான் விடுவேனா?

அந்த எரிச்சலெல்லாம் கடைசியில் என் தலையில்தானே விடியும். "இன்னிக்கு காய் வைக்கலையா?" என்பார், காய் தட்டிலேயே இருக்கும். எதிரில் இருப்பது கண்ணில் படாத புருஷன்மார் உலகத்தில் கோடிப் பேர், நமக்கு வாய்த்தவர் மட்டும் விதிவிலக்கா என்று தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போவேன். மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார். வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டு நிலையைத் திட்டுவார்.

கடை சின்னதுதான். தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள், பசையும் பெயின்டும் கலந்த வாசனை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் கடைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், மூக்கு நுனியில் மூக்குக்கண்ணாடி. கையிலிருந்த பெட்டிகளை உடனே காட்டிவிடக் கூடாது என்று கீழே வைத்தேன்.

"பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிட் வேணும் தம்பி. இருக்கறதுலயே நல்லதா காட்டுங்க."

மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். மூக்கு நீண்ட சிவப்புக் கார் ஒன்று. கூரையில்லாத பச்சைக் கார் ஒன்று. தவளைக் கண் மாதிரி விளக்குகள் வைத்த வெள்ளிக் கார் ஒன்று. சிவப்பைப் பார்த்ததுமே இதுதான் என்று மனசு சொல்லிவிட்டது. ஆனாலும் கெத்தை விடவில்லை.

"மூணையும் பிரிங்க. துண்டு எல்லாம் இருக்கான்னு பாத்துத்தான் வாங்குவேன்."

"பிரிச்சுட்டா அப்புறம் யாரு வாங்குவாங்கக்கா?"

"பிரிக்காம வாங்கினவங்கதான் ஏமாந்து உக்காந்திருக்காங்களே. ஸ்கூல் பஸ் ஓட்டறாரே, அவர் வீட்லேர்ந்து வரேன்."

அவர் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த திருட்டு முழி அல்ல அது. கோபம்.

"மெதுவா மாமா வீடா நீங்க? நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. என் பொண்ணு அவர் பஸ்லதான்க்கா போறா. அதனாலதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல."

"நீங்க என்ன வாயைத் திறக்கறது?"

குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். "இது அவர் திருப்பிக் கொடுத்தது. பெரிய மனுசன் சொல்றாரேன்னு பிரிச்சுக்கூடப் பாக்காம வேற கார் ஒண்ணு புதுசா கொடுத்தேன். அப்புறமா பாத்தா, காணோம்னு சொன்னது எல்லாம் உள்ளேயே இருக்கு. ஒண்ணு குறையல. ஒரு கிட்டுக்கு ரெண்டு கிட்டா வாங்கிக்க இப்படி ஒரு வழியா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. என் வீட்டுக்காரரை ஊரே முட்டாள் என்று சொல்லட்டும், பொறுத்துக்கொள்வேன், நானே சொல்வேன். திருடன் என்று ஒருத்தன் சொல்வதா? கீழே வைத்திருந்த பெட்டிகளைத் தூக்கி மேசையில் கவிழ்த்தேன்.

"அப்போ இது? இதுலயும் எல்லாம் இருக்கா? பாத்துச் சொல்லுங்க."

அவர் பொறுமையாக, எண்கள் நேராகத் தெரிகிற மாதிரி, என்னுடைய இரண்டு சட்டங்களையும் தன்னிடமிருந்த ஒன்றையும் வரிசையாக வைத்தார். மூன்றும் வேறு வேறு கார்கள்.

"பாருங்கக்கா. கதவு காணோம்னாரு, இதோ இருக்கு. ஸ்டீயரிங் காணோம்னாரு, இதோ. ரெண்டு சக்கரத்த வெட்டி எடுத்தவருக்கு மத்த ரெண்டு சக்கரம் கண்ணுல படாதா? இந்தப் பக்கம் பூரா எவ்ளோ சுத்தமா வெட்டியிருக்காரு. அந்தப் பக்கம் கையே வைக்கல."

பதிலடி கொடுப்பதற்காகச் சட்டங்களின் மேல் குனிந்தேன். 

மூன்று சட்டங்களிலும் வலது பாதி காலி. துண்டு இருந்த இடமெல்லாம் பிசிறில்லாமல் வெட்டப்பட்டு, அவர் கைநேர்த்தி அப்படியே தெரிந்தது. இடது பாதியில் ஒன்றுகூடத் தொடப்படவில்லை. கோடு கிழித்தது போல நட்டநடுவில் வேலை நின்றிருந்தது. இதை நான் பார்த்திருக்கிறேன். தினம் தினம் பார்த்திருக்கிறேன். அவர் சாப்பிட்டு எழுந்த தட்டு.

 மேசையைப் பிடித்துக்கொண்டேன். தட்டின் வலப்பக்கத்தில் இருப்பதைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுக் காய் எங்கே என்பவர். திருப்பி வைத்தால் புதிதாகப் பரிமாறியது போல மீதியைச் சாப்பிடுபவர். தினமும் சவரம் செய்துகொண்டும் ஒரு கன்னத்தில் மட்டும் முள்முள்ளாக விட்டிருக்கிறார், அவசரத்தில் இப்படியா என்று நான் கேலி செய்திருக்கிறேன். இடிப்பது எப்போதும் இடது தோள். போன மாதம் பேருந்தின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தது, எவனோ வண்டியை ஒட்டி நிறுத்தியிருந்தான் என்றார். அதுவும் இடது பக்கம்தான்.

பேருந்தின் கதவு இடது பக்கத்தில் இருக்கிறது. குழந்தைகள் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பக்கம்.

"என்னக்கா? உக்காருங்க. தண்ணி தரவா?"

"தம்பி, அவர் ஏமாத்தல" என்றேன்.  "அவருக்கு இந்தப் பக்கம் தெரியல."

"எந்தப் பக்கம்? கண்ணு மங்கலா இருந்தா கண்ணாடி போட்டா..."

"மங்கலா இருந்தா மங்குதுன்னு அவருக்கே தெரியுமே. இது அப்படி இல்ல, தலைக்குள்ள ஏதோ ஆகியிருக்கு. இந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியல. அதனாலதான் துண்டு இல்லைன்னு சத்தியம் பண்றாரு."

அவர் சட்டங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். கோபமெல்லாம் வடிந்து முகம் வெளிறிவிட்டது.

"அக்கா. ஸ்கூல் விடற நேரம்."

என் போனில் அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி தெருவில் ஓடும்போது போனைத் தொடமாட்டார், அத்தனை ஒழுங்கு. பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான். கடைக்காரர் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். கையில் அந்தச் சிவப்புக் கார் பெட்டி எப்படி வந்தது என்று தெரியவில்லை.

ஓடும்போது என் நெஞ்சில் இருந்தது ஒரே வேண்டுதல்தான். இது பொய்யாக இருக்கட்டும். நான் ஒரு பைத்தியக்காரி, புருஷனைத் தெருவில் தலைகுனிய வைத்தவள் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை. ஏனென்றால் இது உண்மையானால் அந்த இருக்கையிலிருந்து அவரை நான்தான் இறக்கவேண்டும். அதில்லாமல் அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

பேருந்து பள்ளி வாசலில் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே குழந்தைகள் வரிசையாக நின்றிருந்தார்கள், பை, தண்ணீர் பாட்டில், தள்ளுமுள்ளு எல்லாவற்றோடும். பேருந்து ஆயா வரிசையின் கடைசியில் ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கவில்லை.

"என்ன இன்னும் ஏத்தல?" என்று ஆயாவிடம் மூச்சு வாங்கக் கேட்டேன்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான்மா. போய்த் தட்டினாத்தான் மாமா கதவைத் திறக்கறாரு. வேற ஏதோ யோசனை போல."

நான் பேருந்துக்கு முன்னால் போய், இடது விளக்குக்குப் பக்கத்தில் நின்றேன். முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். எங்களுக்கு நடுவில் ஒரு கண்ணாடியைத் தவிர வேறொன்றும் இல்லை. கையை ஆட்டினேன். சிவப்புப் பெட்டியைத் தூக்கி ஆட்டினேன். அவர் பார்வை தெருவின் வலது ஓரத்திலிருந்து மெல்ல வந்தது, நடுவரை வந்தது, அங்கே நின்றது, வந்த வழியே திரும்பிப் போனது. அவருக்கு முன்னால் நான் இல்லவே இல்லை.

என் போன் அடித்தது. அவர்தான்.

"என்ன, கூப்பிட்டியா? இப்பத்தான் பாத்தேன். சீக்கிரம் சொல்லு, வண்டில உக்காந்துட்டேன்."

"பசங்கள ஏத்திட்டீங்களா?"

"இன்னும் ஒருத்தரும் வரல. உள்ள சத்தம் கேக்குது, ஆனா விடலை போல. வாசலே காலியா கெடக்கு."

அவர் இதைச் சொல்லும்போது என் கண்ணெதிரே முப்பது குழந்தைகள் நின்றிருந்தார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற ஒரு சின்னப் பெண், காத்திருந்து சலித்து, முன்சக்கரத்தை ஒட்டிக் குந்தி உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது.

"வெயிலா இருக்கு" என்றார் அவர் போனில், நிதானமாக. "வர்றதுக்குள்ள வண்டிய கொஞ்சம் முன்னாடி எடுத்து நிழல்ல விடறேன். நீ சொல்லு." அவர் கை கியர்மீது போவதை நான் பார்த்தேன்.

"எடுக்காதீங்க" என்றேன். "வண்டிய அணைங்க. நான் சொல்றேன்ல, அணைங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அந்தக் குரலில் நான் பேசியதில்லை. ஏன் எதற்கு என்று கேட்காமல் சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கியது. கடைக்காரர் மகளைச் சக்கரத்தடியிலிருந்து அள்ளியெடுத்துக்கொண்டு நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு? எங்க இருக்க நீ?"

"உங்க முன்னாடிதான் நிக்கறேன்."

"வெளையாடாத."

"தலைய இடது பக்கம் திருப்புங்க. இன்னும். இன்னும் திருப்புங்க. வண்டிய பின்னாடி எடுக்கும்போது திருப்புவீங்களே, அந்த மாதிரி."

திருப்பினார். முதலில் என்னைக் கண்டார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். காற்றிலிருந்து ஒருத்தி குதித்தது போலத் தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. இன்னும் திருப்பினார். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தைகளைக் கண்டார். "மெதுவா மாமா, கதவு" என்று குழந்தை ஒன்று கூப்பிட்டது.

போன் இன்னும் அவர் காதில்தான் இருந்தது.

"இவங்க எப்ப வந்தாங்க?"

"மணி அடிச்சதுலேர்ந்து நிக்கறாங்க."

  கிட், தட்டு, கன்னம் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அப்போ நேத்து?" என்றார்.  "நேத்து ஓட்டினேனே. முந்தாநேத்து ஓட்டினேனே. நேத்து யாரையாவது..."

"இல்லைங்க. ஒண்ணும் ஆகல. எல்லாரும் இங்கதான் இருக்காங்க. வேணும்னா எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணினார். விரலை நீட்டி, உதடு அசைய, ஒவ்வொரு தலையாக எண்ணினார். பாதியில் விரல் நின்றது. முகம் பேயறைந்தது போலாகிவிட்டது.

"பாதிப் பேரைக் காணோம்" என்றார்.

"இருக்காங்க" என்றேன். "இன்னும் கொஞ்சம் திரும்புங்க."