முதல் தட்டு காலி

1.

அலமாரி வாங்கப் போன இடத்தில் அலமாரி கிடைக்கவில்லை. கொசுறு மட்டும் கிடைத்தது. அந்தக் கொசுறுதான் இந்தக் கதை. சரக்கு வந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியாபாரக் குடும்பம் எங்களுடையது. பேரம் பேசாமல் வெந்நீர்கூட வாங்கியதில்லை.

கடைக்காரர் பழைய வீட்டுச் சாமான் விற்பவர். எல்லோரும் அவரைச் சடை என்பார்கள். தலையில் ஒரு முடி கிடையாது. வாலிபத்தில் ரெகே என்கிற ஜமைக்கா இசையின் பாடகர் ஒருவரைப் பார்த்து முதுகுவரை சடை வளர்த்தவர். முடி போயும் பட்டம் போகவில்லை.

கடையின் பின்மூலையில் ஓர் இரும்பு அலமாரி. கதவைத் திறந்தால் உட்புறம் அந்தப் பாடகரின் படம். எனக்கு வசதியாகப் போயிற்று, அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னேன்.

"கதவெல்லாம் பசைக்கறையா இருக்கே. பாத்துப் போட்டுக் குடுங்க."

சடை பேசவில்லை.

"சரி, இன்னும் கொஞ்சம் சேத்துத் தர்றேன்."

பேசவில்லை. என் விலையை நானே மறுபடி ஏற்றினேன். என் அப்பா பார்த்திருந்தால் என்னைத் தத்துக் கொடுத்திருப்பார்.

"அது விக்கிறதுக்கு இல்ல சார்," என்றார் கடைசியில். "தம்பியோடது."

2.

முதல் வரி எழுதிப் பார்த்தேன். 'பாடகர் இறந்த செய்தி வந்த அன்று கடல் அமைதியாக...' சடை கடலைப் பார்த்ததே இல்லை. 'இசை என்பது ஆன்மாவின்...' வேண்டாம், இதற்கு மேல் போனால் நானே புத்தகத்தை மூடிவிடுவேன்.

அந்தப் பாடகரின் பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் சடையின் தம்பி. ஒரே அறை, ஒரே கேசட். பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்து அண்ணனுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

"ஒண்ணாந் தட்டுல அடிக்காத அண்ணா. அதைக் காலியா விடு. மூணுல போடு."

"மொதல்ல யாருமே இல்லன்னா பாட்டு எப்பிடிடா நிக்கும்?"

"கேக்குறவன் உள்ள வந்து நிப்பான். அதுக்குத்தான் அவர் எடம் விடுறாரு."

(நாலு தட்டில் முதலாவதைக் காலியாக விடுவது ரெகேயில் ஒரு வகைதான், எல்லாப் பாட்டும் அப்படியில்லை. விவரம் தெரிந்தவர்கள் என்னைத் திருத்த வரவேண்டாம்.)

சடை அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். யார் விலை பேசினாலும் முதல் தட்டு காலி, உடனே பதில் வராது. வந்தவர் தவித்துப்போய்த் தானே விலையை ஏற்றிக்கொள்வார். குழம்பு எப்படி என்று மனைவி கேட்டாலும் காலிதான். அங்கே மட்டும் வியாபாரம் படியவில்லை. பாடகர் போய்ச் சேர்ந்த அன்று கடை திறக்கவில்லை. மறுநாள் திறந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே திறந்துகொண்டது.

3.

தம்பி அண்ணனோடு முறைத்துக்கொண்டு வெளியூர் போனவன். அங்கே எதுவும் சரிப்பட்டு வரவில்லை. ஒரு மத்தியானம், ஓர் அம்மாள் கட்டிலுக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தம்பிதான்.

"அண்ணா, நான் வீட்டுக்கே வந்துடட்டுமா?"

சடை முதல் தட்டைக் காலியாக விட்டார். கோபமெல்லாம் இல்லை. வாய் பழகியிருந்தது.

எதிரே நின்ற அம்மாள் அந்த மௌனம் தனக்கென்று நினைத்துக்கொண்டாள். "சரி, நீங்க சொன்ன வெலைக்கே எடுத்துக்கிறேன்," என்றாள்.

தம்பி, "சரிண்ணா," என்றான்.

"வாடா," என்றார் சடை. அதற்குள் போனை வைத்துவிட்டான்.

திரும்ப அழைத்தார், எடுக்கவில்லை. கட்டிலை வண்டியில் ஏற்றிவிட்டு மறுபடி அழைத்தார். [கட்டிலை ஏற்றியதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அதையும் போடுங்க," என்றார்.] சாயங்காலம் வேறு யாரோ எடுத்தார். உடலை எங்கே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். தம்பி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டானாம்.

4.

"நீங்க எழுதுறவருதானே," என்றார் சடை. "நான் உடனே 'வாடா'ன்னு சொன்ன மாதிரி எழுதுவீங்களா?"

எழுதினேன். தம்பி பஸ்ஸிலிருந்து இறங்குகிறான், அண்ணனைக் கட்டிக்கொள்கிறான். எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன்.

"யாரு சார் இது? அவன் வந்தா மொத வேலையா என்னைத் திட்டுவான்."

திட்டவைத்து மறுபடி எடுத்துப்போனேன். கேட்டு முடித்ததும் அலமாரிக் கதவைக் கையால் தடவினார்.

"அன்னைக்கு நான் சட்டுனு சொல்லியிருந்தா வந்திருப்பானா சார்?"

எனக்கும் பேரத்தில் ஊறிய வாய். எதிராளி தானாக ஏறிவரட்டும் என்று பேசாமல் நின்றேன். பழக்கதோஷம்.

"சரி சார்," என்றார் சடை.

5.

பாடகர் கனவில் வந்து சடையின் தோளில் கைவைப்பதாக ஒரு முடிவு கைவசம் இருக்கிறது. கழிவுச் சரக்கு. உங்கள் தலையில் கட்ட மனம் வரவில்லை.

நடப்பதைச் சொல்கிறேன். அந்த அலமாரியைத் தவிர எதைக் கேட்டாலும், கேட்டு முடிக்கும் முன்பே சடை விலை சொல்லிவிடுகிறார். வியாபாரம் படுத்துவிட்டது. கடையில் அதே பாட்டுத்தான் ஓடுகிறது. காலித் தட்டு வரும்போதெல்லாம் அவர் உதடு அசைகிறது. கூடவே பாடுகிறார் என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கிட்டே போய்க் கேட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு 'வாடா'.

இதற்குமேல் என்னிடம் சரக்கு இல்லை. கல்லாவில் நீங்கள் உட்காருங்கள். எதிரே கட்டிலுக்கு ஆள் நிற்கிறது. போன் அடிக்கிறது.

"அண்ணா, நான் வீட்டுக்கே வந்துடட்டுமா?"

அடுத்த வரி உங்களுடையது. யோசிக்காதீர்கள்.