ஸ்கார்பெக் பாலத்தின் மண்பிடிப்பு

ஸ்கார்பெக் ஓடைப் பாலத்தின் விலை மூன்று பவுன் பத்து ஷில்லிங், மேலுக்கு ஒரு கிடா. ஏனோக் கார்த் அதை ஓர் அக்டோபரில் ரொக்கம் கொடுத்து வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, மட்டக்குதிரைகளைப் பூட்டி இழுத்துத் தன் பண்ணைக்குக் கொண்டுபோய்க் கட்டினான். அடுத்த ஏப்ரலில், ஆடுகள் குட்டி போடும் பருவத்தில், பாலம் எழுந்து மலையைச் சுற்றி நடந்து பழைய இடத்திலேயே போய் நின்றுகொண்டது. இதில் ஊரார் வாயைப் பிளந்தது விலையைக் கேட்டுத்தான். அந்தப் பணத்துக்கு ஹார்ல் மலையில் அந்த வருஷம் பல் விழாத நல்ல குதிரையே கிடைத்திருக்கும். பாலம் நடந்ததைப் பற்றி யாருக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒற்றை வளைவுப் பாலம் அது. இரண்டு குதிரைகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆகவேண்டும். பொதிமூட்டை இடிக்காமல் இருக்கக் கைப்பிடிச் சுவரை முழங்கால் உயரத்துக்கு மேல் எழுப்பவில்லை. அதனால் அது உட்காருவதற்கு வெகு தோதான சுவர். ஏனோக்கின் வயிற்றெரிச்சல் முழுக்க அந்தச் சுவரில்தான் இருந்தது. அவன் மனைவி டார்கஸ், பாலாடைக்கட்டியைப் பிழிந்து கல் ஏற்றி வைத்த கையோடு, தினமும் மாலை அரை மைல் நடந்து வந்து அதில் உட்காருவாள். எதிர்க்கரையில், கல்லெறி தூரத்தில், ஜேபஸ் ஹாக்கின் வீடு. கல்யாணத்துக்கு முந்தின வருஷச் சந்தை நடனத்தில் ஜேபஸோடு அவள் இரண்டு ஆட்டம் ஆடியிருக்கிறாள். ஏனோக்கோடு ஒன்று. அந்த ஒன்றுக்குப் பிறகுதான் அவனைக் கட்டிக்கொண்டாள் என்பதை ஏனோக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

எதைப் பார்த்தாலும் ஜேபஸுக்கு ஒரு பிடி கூடுதலாக அளந்து போட்டிருப்பதாகவே அவனுக்குத் தோன்றும். வசந்தத்தில் கடற்கரையிலிருந்து வரும் வளைமூக்கு உள்ளான் பறவைகள் முதலில் ஜேபஸின் மேட்டில்தான் இறங்கின. ஜேபஸின் அடுப்புப் புகை நேராக ஏறியது, ஏனோக்கின் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்தது. புதருக்குள்ளிருந்து காட்டுக்கோழிகள் கொக்கரித்தால் ஜேபஸ் சிரிப்பதுபோலவே அவன் காதில் விழும். ஜேபஸோ உண்மையிலேயே அடிக்கடி சிரிக்கிறவன், அதனால் எது கோழி எது ஜேபஸ் என்று பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம்.

"அங்க என்னதான் பாக்குற நீ?" என்று ஒருநாள் கேட்டேவிட்டான்.

"குருவியப் பாக்குறேன். நெஞ்சு வெளேர்னு இருக்குமே, தண்ணிக்குள்ள முங்கி அடியிலயே நடந்து போகுமே, அது. பாலத்துக்கு அடியிலதான் கூடு கட்டியிருக்கு."

"குருவி எங்கயும் இருக்கும்."

"புருஷனுந்தான் எங்கயும் இருப்பான்" என்றாள் டார்கஸ். "அதுக்காக ஊர்ல இருக்குற எல்லாத்தையுமா போய்ப் பாக்குறேன்?"

இந்தப் பதிலை ஏனோக் நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தான். எந்தப் பக்கத்திலும் ஆறுதல் தென்படவில்லை. மறுவாரம் ஜேபஸின் கதவைத் தட்டினான்.

பேரம் அரைநாள் நடந்தது. பாலம் ஜேபஸின் முப்பாட்டன் கட்டியது, தர்மத்துக்கு விட்டிருந்தாலும் சொத்து அவனுடையதுதான். ஜேபஸ் ஐந்து பவுனில் தொடங்கி, ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்டி வைத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினான். அவ்வளவு சிரித்துக்கொண்டு இறங்குகிறவனைக் கண்டால் வாங்குகிறவன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். கடைசியில் ஜேபஸ் ஒன்று கேட்டான்.

"பாலம் மட்டுந்தானாப்பா, இல்ல அது நிக்குற மண்ணும் சேத்தா?"

விலையை ஏற்றத் தூண்டில் போடுகிறான் என்று நினைத்தான் ஏனோக். "மண்ண வெச்சு நான் என்ன பண்ண? பாலம் மட்டும் போதும்."

"அப்புறம் நான் சொல்லலன்னு சொல்லாத."

ஹார்ல் மலையில் பிறந்த எவனும் செய்யக்கூடாத தப்பு அது. அந்த மலையில் வேலி கிடையாது. தாய் எந்தச் சரிவில் மேய்ந்ததோ அதை விட்டுக் குட்டி நகராது. அந்தக் குட்டியின் குட்டியும் நகராது. இதற்கு மண்பிடிப்பு என்று பெயர். பண்ணையை விற்றால் மந்தையும் மண்ணோடு சேர்ந்தே கைமாறும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆட்டை மட்டும் வாங்கி ஓட்டிப்போகிறவனை ஊரே பார்த்துச் சிரிக்கும், ஏனென்றால் பனி உருகியதும் ஆடு இரண்டு பள்ளத்தாக்கைத் தாண்டித் தன் சரிவுக்கே வந்து நிற்கும். ஏனோக் ஆட்டு விஷயத்தில் ஒருநாளும் ஏமாந்ததில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்ற கல்லுக்கும் அந்தப் பிடிப்பு உண்டாகும் என்று மட்டும் அவன் கணக்குப் போடவில்லை.

அந்தக் குளிர்காலம் போல அவனுக்கு இன்னொன்று வாய்த்ததில்லை. மலையின் துருத்தி நின்ற முட்டிக்கு இந்தப்புறம், தன் வீட்டுப் பின்கட்டு ஓடையின் குறுக்கே பாலத்தை நிறுத்தினான். அங்கிருந்து பார்த்தால் ஜேபஸின் புகைக்கூண்டு தெரியாது, பார்க்க ஆசைப்பட்டாலும் தெரியாது. குருவியும் பாலத்தோடு கூடவே வந்துவிட்டது. டார்கஸ் மாலையில் வழக்கம்போலச் சுவரில் உட்கார்ந்தாள். ஏனோக் சன்னலோரம் நின்று, வாங்கின சரக்கு நல்ல சரக்குதான் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டான். வளைவின் உச்சிக்கல்லில், தன் ஆடுகளுக்குப் போடுகிற அதே செம்மண் குறியைப் பட்டையாகத் தீட்டினான்.

ஏப்ரலில் பாலம் புறப்பட்டதைக் கண்ணால் பார்த்தவன் காலெப் நட், உப்புப் பொதி ஓட்டுகிறவன். மலைத்தோளில் மணி கட்டிய இருபது வெறுங்குதிரைகளோடு விடிகாலையில் வந்தபோது எதிரே பாலம் வந்தது. சரக்கேற்றி வருவதற்கு வழிவிடுவது பாதையின் மரியாதை, ஆகவே குதிரைகளை ஓரங்கட்டினான்.

"குருவி கூட்டுல உக்காந்தபடியே வந்துச்சு" என்று பிறகு சாராயக்கடையில் சொன்னான். "நான் தொப்பியக் கழட்டி வணக்கம் சொன்னேன். பாலம் ஒண்ணும் பேசல. அது என்னைக்குத்தான் பேசிச்சு?"

கரிமண் சதுப்பில் இரண்டு வரிசையாகக் கால்குழிகள் பதிந்திருந்தன. அவற்றில் தண்ணீர் ஊறி, கோடைக்குள் தவளைகள் குடியேறிவிட்டன. டார்கஸ் அன்று மாலை வெளியே வந்து பார்த்தாள், வெறும் ஓடை இருந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு பழையபடி அரை மைல் நடந்தாள்.

நவம்பரில் மேய்ப்பர் கூட்டம் கூடியது. வழிதவறி அடுத்தவன் மந்தையில் சேர்ந்த ஆடுகளைக் குறி பார்த்து உரியவனிடம் ஒப்படைக்கிற கூட்டம். ஏனோக் எழுந்து, தன் குறி போட்ட ஒரு பாலம் ஜேபஸின் மண்ணில் நிற்கிறது என்றான். தீர்ப்புச் சொல்கிற பெரியவர் ஐசக் போலார்டுக்கு இதில் எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

"குறி யாருது?"

"என்னுது பெரியவரே."

"ஜேபஸ், மறுக்கிறியா?"

"நான் எதுக்கு மறுக்க? நானா அத இழுத்துட்டு வந்தேன்? தாராளமா ஓட்டிட்டுப் போகச் சொல்லுங்க. கழுத்துல கயிறு கட்ட மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம்."

கூட்டம் முழுவதும் சிரித்தது. ஏனோக் மறுபடியும் கல் கல்லாகப் பிரித்து இழுத்து வந்தான். கொத்தனார் கூலி போன தடவையைவிடக் கூடியிருந்தது. ஏப்ரலில் பாலம் போய்விட்டது. அடுத்த வருஷமும் அதே கதைதான். சந்தையில் அவனைக் கண்டால் "என்ன ஏனோக், பாலம் வீட்ல இருக்கா, பொறந்த வீட்டுக்குப் போயிருச்சா?" என்று கேட்பது வழக்கமாகிப்போனது. குதிரைக்காரர்கள் எந்த மாதம் எந்த வழியாக வருவது என்று அதற்கேற்பத் திட்டம் போட்டுக்கொண்டார்கள்.

நான்காவது தடவை ஏனோக் முறைப்படி இறங்கினான். பிடிப்பு மாறாத மந்தையைப் புதுச் சரிவுக்குப் பழக்க ஒரே வழிதான் உண்டு, மேய்ப்பன் கூடவே கிடக்கவேண்டும். அது திரும்பும்போதெல்லாம் முன்னால் போய் நின்று மறிக்கவேண்டும். கோலும் நாயும் எடுத்துக்கொண்டு பாலத்தின் அருகே கூரை இறக்கி அங்கேயே குடியேறினான். பனியைத் துடைத்துவிட்டான். பாசியைச் சுரண்டவில்லை, அதற்கு வலிக்குமோ என்று சந்தேகம். கல்லில் உப்புக்கூடத் தேய்த்துப் பார்த்தான். கருக்கல் நேரங்களில் அதனோடு பேசவும் தொடங்கினான். ஊதற்காற்றைப் பற்றி, கம்பளி விலையைப் பற்றி, ஜேபஸைப் பற்றி.

டார்கஸ் ஓட்ஸ் கஞ்சியைத் தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்து, பக்கத்திலேயே சுவரில் உட்கார்ந்தாள். சில நாள் இப்படியே போயிற்று. பிறகு ஒரு மாலை கேட்டாள்.

"கட்டிக்கிட்டு பதினோரு வருஷம் ஆச்சு. இந்தக் கல்லுகூட உக்காந்த மாதிரி என்கூட ஒரு மாலை உக்காந்திருக்கியா நீ?"

ஏனோக் கஞ்சியைக் கிளறினான். "நீதான் வீட்லயே இருந்ததில்லையே."

"இருந்தப்ப நீ சன்னல்ல நின்னு எண்ணிக்கிட்டு இருந்த."

"சரி, உண்மையச் சொல்லு. அங்க யாரப் பாக்கப் போன?"

டார்கஸ் கீழே குனிந்து பார்த்தாள். குருவி ஒரு கல்லில் நின்று, வாங்கின கடனுக்குத் தவணை கேட்கிறவன்போல முழங்காலை மடக்கி மடக்கி நிமிர்ந்தது. பிறகு தண்ணீருக்குள் இறங்கி அடியில் நடந்துபோயிற்று.

"பாதி குருவிய."

"மீதி பாதி?"

"அத நானே இன்னும் பிரிச்சுப் பாக்கல" என்றாள். "நீ ஆட்டம் ஆட வந்தப்ப என் காலை மிதிச்ச. அவன் மிதிக்கல. எப்பவாவது அது ஞாபகம் வரும். அவ்வளவுதான். கஞ்சி ஆறுது."

அடிவயிற்றில் இத்தனை வருஷமாகத் தேங்கிக் கிடந்தது அவ்வளவுதானா என்று ஏனோக்குக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. மறுகணம், அந்த 'எப்பவாவது' எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்காமல் விட்டோமே என்று அரித்தது. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு விடியலில் பாலம் எழுந்தது. ஏனோக் கோலை நீட்டி முன்னால் போய் நின்றான். நாயை ஏவினான். ஹார்ல் மலையிலேயே கெட்டிக்கார நாய் அது, ஆனால் பாலத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தாயை மறிப்பது தன் வேலையில்லை என்பதுபோலப் படுத்துக்கொண்டது. பாலம் அவசரப்படவில்லை, அவனை இடிக்கவுமில்லை. ஒரு காலை அவனுக்கு இந்தப்புறமும் மறுகாலை அந்தப்புறமும் வைத்துக் கடந்தது. கொஞ்சநேரம் அவன் வளைவுக்குக் கீழே நின்றான். ஈரக் கல்லின் வாசம் அடித்தது. கூட்டிலிருந்து குருவி அவனைப் பார்த்தது. பிறகு மேலே வானம் திரும்பவும் வந்துவிட்டது. பாலம் மலையின் முட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

கோலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு துரத்தத் திரும்பியவன், கொல்லைப்புற வாய்க்காலில் அதைக் கண்டான். ஓர் எட்டு நீளத்துக்கு மேல் இராது. ஒற்றை வளைவு, கணுக்கால் உயரத்தில் இருபுறமும் சுவர், கல்லெல்லாம் பாசி படாத இளஞ்சாம்பல் நிறம். இன்னும் ஈரம் காயவில்லை. ஒரு பக்கத்துக் கால் சேற்றில் ஊன்றத் தெரியாமல் லேசாக நடுங்கியது. நாய் போய் முகர்ந்துவிட்டு நக்கியது.

"டார்கஸ்!" என்று கத்தினான். "ஓடியா, குட்டி போட்டிருக்கு!"

அவள் மாவுக்கையோடு ஓடிவந்து பார்த்தாள். "காத்து அடிக்குது, ஒரு சாக்கப் போட்டு மூடு முதல்ல" என்றாள். ஏனோக் சட்டையைக் கழற்றியே போர்த்தினான். வெயில் ஏறியதும் செம்மண் குறியைத் தீட்டினான். தாயைத் தேடி அவன் போகவில்லை. பிறந்த மண்ணைப் பிடித்துக்கொள்ளும் குட்டியை ஒருவனும் கட்டிப்போட வேண்டியதில்லை.

நவம்பர்க் கூட்டத்தில் பெரியவர் போலார்ட், தாய் தன் மண்ணோடு நிற்கட்டும், குட்டி பிறந்த மண்ணில் வளரட்டும் என்று முடித்துவைத்தார். ஜேபஸ் எழுந்து ஏனோக்கின் முதுகில் தட்டி, "வளர்த்துக்கப்பா, அம்மா மாதிரியே சாடை" என்றான். ஏனோக்குக்கு அந்தக் கை பிடிக்கவில்லை. ஆனாலும் தட்டிவிடவில்லை.

பாலம் வளர வளர அடியில் வாய்க்காலும் வளர்ந்து ஓடையாகிவிட்டது. ஐந்தாம் வருஷம் ஒரு குதிரை தாங்கியது. ஏழாம் வருஷம், தண்ணீருக்கடியில் நடக்கும் குருவி ஜோடி ஒன்று வளைவுக்குள் கூடு கட்டியது. வளைமூக்கு உள்ளான்கள் இன்றும் முதலில் ஜேபஸின் மேட்டில்தான் இறங்குகின்றன. மாலையில் டார்கஸ் சின்னப் பாலத்துச் சுவரில் உட்காருகிறாள், பக்கத்தில் ஏனோக் உட்காருகிறான், இருவரும் ஒரே குருவியைப் பார்க்கிறார்கள். எல்லா மாலையும் இல்லை. வாரத்துக்கு ஏழு மாலை: நான்கு இந்தப் பாலத்தில், ஞாயிறு ஒன்று கோயிலுக்கு, மீதி இரண்டு மாலை அவள் மட்டும் அரை மைல் நடந்து தாய்ப்பாலத்துக்கு. நான்கு வரவு, ஒன்று தர்மம். அந்த இரண்டு நிலுவை. ஏனோக் இன்னும் அதைத் தள்ளுபடி செய்யவில்லை.